கலங்கிய காலத்தில் கவனம்: நம் சேகரத்து வாலிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான வாலிபர் ஐக்கியத்தாருக்கு,



ஊரிலேயே இருக்கிறவர்களுக்கும், வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்கிறவர்களுக்கும், குவைத்திலும் துபாயிலும் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கும், படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொன்னவள் நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வாலிபர் ஞாயிறன்று கூட்டம் கலைகிற நேரத்தில் உங்களில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "ஜெபிக்க முழங்கால் போடுகிறேன். இரண்டு நிமிடத்தில் மனசு எங்கேயோ போய்விடுகிறது. வேதத்தைத் திறந்தால் ஓர் அதிகாரம் முடிவதற்குள் போனை எடுத்துவிடுகிறேன். எனக்கு விசுவாசம் குறைந்துபோய்விட்டதா?" நேரமாகிவிட்டதால் ஐயர் ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டார். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது நாலைந்து பேர் அதே கேள்வியைத் தங்கள் கேள்வியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஆகவே பதிலும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

காலம் கலங்கித்தான் கிடக்கிறது. மேற்காசியாவில் குண்டு விழுந்தால் நம் தெருவில் பல வீடுகளுக்குத் தூக்கம் போகிறது. மகனோ மருமகனோ அங்கே இருக்கிறான். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்ற செய்தி வந்தால், வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிற பிள்ளைக்கு வயிறு கலங்குகிறது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் தொடங்கியபோது எரிந்த ஆலயங்களின் படங்களைப் பார்த்து நாம் ஞாயிறு ஆராதனையில் அழுதோம். இவையெல்லாம் உண்மை. கண்ணை மூடிக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்வது விசுவாசமும் ஆகாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கலங்கிய காலம் நம் விசுவாசத்தின்மேல் நேராகக் கை வைப்பது அபூர்வம். அது முதலில் பறிப்பது நம் கவனத்தை. கவனம் போனால் ஜெபம் போகும்; ஜெபம் போனால் பக்கத்தில் இருக்கிறவரின் முகம் கண்ணில் படாமல் போகும்; அதற்கும் பிறகுதான் தேவன் இருக்கிறாரா என்ற சந்தேகம் வரும். ஆகவே கவனத்தைக் காப்பது விசுவாசிக்கு ஒரு கடமை. அதை இன்று நேற்று வந்த மனோதத்துவப் பாடமாக நினைக்காதீர்கள். நம் வேதத்திலும் நம் திருச்சபையின் வரலாற்றிலும் அதற்கு நீண்ட பழக்கம் இருக்கிறது.

எரேமியாவிலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். போனவர்களுக்கு ஒரே நினைவு: எப்போது திரும்புவோம்? அந்த ஏக்கத்துக்குத் தீனி போடுகிறவர்களும் உடனே கிளம்பினார்கள். எருசலேமில் அனனியா என்றொருவன் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் அறிவித்தான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் பூட்டியிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கேட்ட ஜனத்துக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் அது பொய். அந்த வருஷமே அனனியா செத்துப்போனான். இரண்டு வருஷத்தில் யாரும் திரும்பவில்லை.

எரேமியா அந்தச் சிறைப்பட்ட ஜனத்துக்கு எழுதிய கடிதம் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறார். எழுபது வருஷம் ஆகும் என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அந்தக் கட்டளைகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கைக்கு வேலை கொடுக்கிறது. வதந்திக்குக் காது கொடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஜனத்தை, மண்வெட்டி எடுக்கச் சொல்கிறது. பகைவனின் ஊருக்காக ஜெபி என்பது அவர்களுக்குக் கசந்திருக்கும். ஆனாலும் மனத்தை ஒருமுகப்படுத்த அதைவிட நல்ல மருந்து அவர்களுக்கு இருந்திருக்காது.

அனனியாக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆண்டவர் வரும் தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்லும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. 2020-21-இல் கொரோனாத் தடுப்பூசிதான் வெளிப்படுத்தல் புத்தகத்தின் 666 முத்திரை என்று பரப்பினார்கள். அதை நம்பி ஊசி போடத் தயங்கிய பெரியவர்களை நான் அறிவேன். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லிவிட்டுப் போயிருக்க, நமக்கு இந்தக் கணக்கு எதற்கு? பயத்தைத் தூண்டும் செய்தியை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அனுப்பினாலும் அது பயத்தையே வளர்க்கும். சரிபார்க்காத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கற்பனை நம் கட்டைவிரலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதே எரேமியா, சில வருஷங்களுக்குப் பின் எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருந்தபோது, காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காகவே அந்த அடைப்பு. அப்போது அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தூரில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்றான். எதிரிகளின் சேனை நாடெங்கும் நிறைந்திருக்கும்போது யார் நிலம் வாங்குவார்? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட, முத்திரை போட்டது ஒன்றும் போடாதது ஒன்றுமாக இரண்டு பிரதிகளையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பது கர்த்தர் அவருக்குக் கொடுத்த வாக்கு.

நம்பிக்கை என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்தப் பத்திரத்தைத்தான் காட்டுவேன். எரேமியாவுக்கு உள்ளே சந்தேகம் இருந்தது. அதே அதிகாரத்தில் அவர் ஜெபிப்பதைப் படித்தால் தெரியும். நகரம் எதிரியின் கையில் போகிறதே, இந்த நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று கர்த்தரிடமே கேட்கிறார். ஆனால் வெள்ளியை நிறுத்துவதிலோ, சாட்சி வைப்பதிலோ, முத்திரை போடுவதிலோ ஒன்றும் குறைவைக்கவில்லை. கலக்கம் மனத்தில் இருந்தது. கை தன் வேலையைச் சரியாகச் செய்தது.

இந்த நிலத்தைப் பற்றி 1943-இல் ஒருவர் சிறையிலிருந்து தம் வருங்கால மனைவிக்கு எழுதினார். அவர் ஜெர்மன் குரு டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லருக்கு எதிராகத் திருச்சபையில் நின்றவர். அந்த வருஷம் ஜனவரியில் மரியா ஃபான் வேடமேயர் என்ற பெண்ணோடு அவருக்குத் திருமணம் நிச்சயமானது. ஏப்ரல் 5-ஆம் தேதி கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நகரத்தில், சிறைக்குள்ளிருந்து திருமணத்தைப் பற்றி எழுதும்போது அவருக்கு ஆனதோத் நிலம் நினைவுக்கு வந்தது. தங்கள் திருமணமும் அப்படிப்பட்ட ஒரு நம்பிக்கையின் அடையாளம் என்று எண்ணினார்.

அவருடைய சிறைக் கடிதங்களில் நாளின் ஒழுங்கு தெரிகிறது. தினமும் சங்கீதம் படிப்பார். பால் கெர்ஹார்ட்டின் ஞானப்பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். படிப்புக்கும் எழுத்துக்கும் உடற்பயிற்சிக்கும் நேரம் வைத்திருந்தார். பழைய ஏற்பாட்டைச் சில மாதங்களுக்குள் இரண்டு முறைக்கு மேல் படித்து முடித்தார். 1943 கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காகக் காலை ஜெபமும் இரவு ஜெபமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலை ஜெபத்தில் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, என் நினைவுகளைத் திரட்டி உம்மிடம் கொண்டுவர எனக்கு உதவும், தனியாக என்னால் முடியாது என்ற விண்ணப்பம். பிள்ளைகளே, அன்று நீங்கள் கேட்ட கேள்வி அவ்வளவு பெரிய விசுவாசியின் ஜெபமாகவே இருந்திருக்கிறது. மனம் நிற்கவில்லை என்பதை விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணவில்லை. அதையே ஜெபத்தின் முதல் பொருளாக்கினார்.

இன்னொன்றும் அவரிடம் கற்கலாம். கைதாவதற்கு முன், 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் அவர் ஒரு குருமார் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை மூடியது. அங்கே மாணவர்கள் ஒரே வேத பகுதியை ஒரு வாரம் முழுவதும், தினமும் அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும். மாணவர்களுக்கு அது கடினமாக இருந்தது. நினைவு எங்கெங்கோ ஓடியது. அவர் சொன்ன வழி எளிது. நினைவு யாரிடம் ஓடுகிறதோ அவருக்காக அங்கேயே ஜெபி; பிறகு வேத வசனத்துக்குத் திரும்பி வா. நான் இதைச் செய்து பார்த்துப் பலன் கண்டிருக்கிறேன். ஜெபத்தில் துபாயிலிருக்கும் தம்பியின் நினைவு குறுக்கே வந்தால், அந்த நினைவைத் துரத்த வேண்டாம். தம்பியைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு விட்ட இடத்துக்கு வாருங்கள். அப்போது இடையூறாக வந்ததே ஜெபமாகிவிடும்.

போன்ஹோஃபரின் கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு வாரத்தில் அமெரிக்கச் சேனை அந்த முகாமுக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் போர் முடிந்தது. திருமணம் நடக்கவில்லை. எரேமியாவும் தாம் வாங்கிய நிலத்தில் பயிர் செய்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு இன்னோர் அனனியாவாகிவிடுவேன். விசுவாசித்தால் விசா கிடைக்கும், வேலை கிடைக்கும், நோய் தீரும் என்று பேரம் பேசும் பிரசங்கம் நமக்கு வேண்டாம். கிடைத்தால் துதிப்போம். கிடைக்காவிட்டாலும் கர்த்தர் கர்த்தரே என்பதுதான் நாம் பெற்ற விசுவாசம். சிலுவையில் அறையப்பட்டவரைத் தொழுகிற ஜனத்துக்கு இதைவிட இலகுவான விசுவாசம் கொடுக்கப்படவில்லை.

வெகு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்து டோனாவூருக்கு வாருங்கள். அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன் பிறகு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை, பெரும்பாலும் ஓர் அறையிலேயே வாழ்க்கை. அதுவரை வில்லுவண்டியில் ஊர் ஊராகப் போனவர் அவர். உடம்பு வலி, தூக்கமின்மை, ஏறக்குறைய இருபது வருஷம். அந்த அறையில் அவர் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். அவற்றில் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிக்கு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. சுகமாயிருக்கிறவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் தமக்கு எட்டவில்லை என்பதை அறிந்து, வலியின் உள்ளிருந்தே வலியிலிருப்பவர்களுக்கு எழுதினார். தம் வலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அதை அடுத்த நோயாளியின் பக்கம் திருப்பினார். கவனத்தைக் காத்துக்கொள்வது என்றால் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகாது என்பதை அந்த அறை நமக்குச் சொல்கிறது.

இதை நாமும் ஒருமுறை அனுபவித்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீர் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் இருக்கும்போதே, இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நம் ஆலயத்துக் கூடத்திலும் ஜாதி மதம் கேட்காமல் குடும்பங்கள் தங்கின. நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் சுமந்து போனீர்கள். அந்த நாள்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் செத்துக் கிடந்தது. ஆனால் உங்கள் யாருக்கும் அன்று மனம் சிதறவில்லை. இன்னும் எந்த வீட்டுக்குச் சோறு போகவில்லை என்ற ஒரே கேள்வி எல்லோரையும் ஒன்றாய்ப் பிடித்து நிறுத்தியது. இரவில் கூடத்தின் மூலையில் நீங்கள் பண்ணிய ஜெபம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதைப்போல் உண்மையான ஜெபத்தை நான் கன்வென்ஷன் பந்தல்களிலும் கேட்டதில்லை.

வெள்ளத்தில் கிடைத்த அந்த ஒருமுகம் வெள்ளம் வடிந்ததும் ஏன் போயிற்று? தூரத்துத் துயரம் நம்மை அடைகிற வேகம் அதிகம். அதற்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம். பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே விழும் அந்தப் பள்ளத்தில்தான் மனம் அலைகிறது. ஒரு நாளில் நூறு துயரங்களைத் திரையில் பார்த்துவிட்டு, ஒன்றுக்கும் கையால் எதுவும் செய்யாமல் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? பனையேறுகிறவர் உச்சிப் பாளையையே பார்த்துக்கொண்டு ஏறுவதில்லை. கீழே தரையைப் பார்த்தும் ஏறுவதில்லை. அடுத்த பிடியைப் பார்த்து ஏறுவார். நமக்கும் ஆண்டவர் அன்றன்றைய அப்பத்தைத்தான் கேட்கக் கற்றுக்கொடுத்தார். அன்றன்றைக்குரிய வேலையும் அதோடு சேர்ந்தே வருகிறது.

பயத்தோடு கோபமும் வரும். நம்மைத் தாக்குகிறார்கள் என்ற செய்தி வரும்போது வாலிப ரத்தம் கொதிப்பது இயல்பு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளரிடையே உழைத்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளரின் புண்களுக்குக் கட்டுப் போடும் அந்தப் பணியை 2004 வரை தொடர்ந்தார். மன்னிப்பு என்பது குற்றத்தை மறைப்பது ஆகாது; வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. பவுலும் தேவைப்பட்டபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லி இராயனுக்கு அபயமிட்டார். நியாயத்தை நியாயத்தின் வழியில் கேளுங்கள், மனுக் கொடுங்கள், சட்டம் படித்தவர்கள் சபைக்குத் துணை நில்லுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு இந்துவையும் முஸ்லிமையும் ஏதோ ஒரு ஊரில் யாரோ செய்ததற்காகச் சந்தேகத்தோடு பார்க்கும் நாள் நம் தெருவுக்கு வர வேண்டாம். வெறுப்பு குடியேறிய மனத்தில் ஜெபத்துக்கு இடம் இருக்காது.

இன்னொரு காரியத்தைத் திறந்தே பேச வேண்டும். சிலருக்கு மனம் சிதறுவதோடு நிற்பதில்லை. தூக்கம் போகிறது, பசி போகிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, செத்துவிடலாம் என்ற நினைவும் வருகிறது. இதைச் சொன்னால் விசுவாசமில்லாதவன் என்பார்களோ, பிசாசின் பிடி என்பார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். எலியாவை நினையுங்கள். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் பிறகுதான் வந்தது. ஆகவே அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவர்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம். மற்றவர்கள் அப்படி ஒருவரைப் பார்த்தால் பிரசங்கம் பண்ணாதீர்கள். சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், கூட உட்காருங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

அழவும் தயங்க வேண்டாம். சங்கீதப் புத்தகத்தில் ஒரு பெரும் பகுதி முறையீடுதான். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஆறுதல் வரியும் இல்லை. அதையும் பரிசுத்த வேதமாக நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேவனிடம் குறை சொல்லி அழுகிறவன் தேவனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

இனி நடைமுறை. பெரிய தீர்மானங்கள் நிற்காது. சிறிய ஒழுங்குகள் நிற்கும்.

காலையில் போனைத் தொடுவதற்கு முன் ஒரு சங்கீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண் மட்டும் படித்தால் மனம் நழுவும். நாவும் காதும் சேர்ந்தால் நிற்கும். நம் பாட்டிமார் பலருக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும் 23-ஆம் சங்கீதமும் 91-ஆம் சங்கீதமும் 121-ஆம் சங்கீதமும் அவர்கள் நாவில் இருந்தன. இருட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பிள்ளைப்பேற்று வலியில் அவை அவர்களுக்கு உதவின. நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே வேத பகுதி போதும். அரைமணி முடியாவிட்டால் பத்து நிமிடம். தினமும் அதே நேரம், அதே இடம்.

செய்திக்கு ஒரு நேரம் வையுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. உலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் கடமை. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்து தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபமில்லை. பவுல் விலங்கோடு இருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறார்: உண்மையானவை, ஒழுக்கமானவை, நீதியானவை, கற்புள்ளவை, அன்புக்குரியவை, நற்பெயர் உள்ளவை. ஒரு காணொளியைத் திறக்குமுன் அந்தப் பட்டியலில் இது எங்கே சேரும் என்று கேளுங்கள். அதே நிருபத்தில், நோயாய்க் கிடந்து பிழைத்த எப்பாப்பிரோதீத்துவைப் பற்றி எழுதி, அவரைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். எவோதியாளையும் சிந்திகேயாளையும் சமாதானமாகப் போகச் சொல்கிறார். அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிறார். மரண தண்டனை வருமோ விடுதலை வருமோ என்று தெரியாத மனிதர் இத்தனை பேரைப் பெயர் சொல்லி நினைக்கிறார்.

நீங்களும் ஜெபத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். உலக சமாதானத்துக்காக என்று பொதுவாக ஜெபித்தால் மனம் வழுக்கும். குவைத்திலிருக்கும் இன்னார், வேலை போன இன்னார், படுக்கையிலிருக்கும் இன்னார் என்று எழுதி, வாரம் ஒருமுறை அவர்களில் ஒருவருக்குப் போன் பண்ணுங்கள் அல்லது நேரில் போங்கள். ஜெபமும் செயலும் ஒரே பெயரில் சேரும்போது மனம் தானாக நிற்கும்.

கையிலிருக்கும் வேலையை நன்றாகச் செய்யுங்கள். படிக்கிறவர்கள் படியுங்கள். காத்திருக்கிறவர்கள் ஒரு தொழில் கற்றுக்கொள்ளுங்கள். கலங்கிய காலத்தில் ஒழுங்காகச் செய்யப்பட்ட சாதாரண வேலை ஒரு விசுவாச அறிக்கைதான்.

ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். 2020 மார்ச் முதல் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தபோது, அந்த ஈஸ்டரில் காலி பெஞ்சுகளை நினைத்து ஏங்கினோமே, அந்த ஏக்கம் உண்மையானது. என் விசுவாசம் தளர்ந்த வாரத்தில் பக்கத்திலிருப்பவர் சொல்லும் விசுவாசப் பிரமாணம் என்னைத் தாங்குகிறது. அவர் தளர்ந்த வாரத்தில் என் குரல் அவரைத் தாங்கும். சபை இருப்பது அதற்குத்தான்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் சேகரத்தில் தனியாக வாழும் முதியவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், ஆள் துணையில்லாத விதவைகள் இருக்கிறார்கள். உங்களில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போய், ஒரு சங்கீதம் படித்து, ஒரு ஜெபம் பண்ணி, மருந்தோ மளிகையோ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் அந்த ஒரு வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். பட்டியலோடு நான் கூடத்தில் காத்திருப்பேன். காலம் எப்போது தெளியும் என்று எனக்குத் தெரியாது. அது தெளியும்வரை செய்ய வேண்டிய வேலை இதுதான். வாருங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை